குத்துமதிப்பு என்றொரு குணகம்

1

கேக்கின் மேல் ஆங்கில எழுத்தில் 'குத்து' என்று எழுதியிருந்தார்கள். நீல நிற க்ரீம். பக்கத்தில் ஒரு வட்டம், அதிலிருந்து பீய்ச்சி அடிக்கிற மாதிரி மூன்று கோடுகள்.

இந்த ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் முடிந்ததற்கான கேக் அது. ஜெர்மனியில் ஒருவரைப் பாராட்டுவது என்றால் பதினைந்து நிமிடம், ஒரு கேக், நின்றபடியே ஒரு சின்னப் பேச்சு. பொன்னாடை கிடையாது, வரிசையாக வந்து ஃபோட்டோ எடுத்துக்கொள்வதும் கிடையாது. நியாயமாகப் பார்த்தால் கேக்கில் என் பெயரைப் போட்டிருக்க வேண்டும். ஆனால் தனலட்சுமி என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாது. குத்து நுழையும்.

எங்கள் குழுத் தலைவி ஹெல்கா, புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர்களைக் காட்டி, "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இவர்களுக்கும் சொல்லேன்" என்றார். பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவருகிற பதிலைச் சொன்னேன். தமிழில் குத்து என்றால் துளைத்துக்கொண்டு போவது. எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைக் குத்திக்கொண்டு குறுக்கே போகின்றன. அதனால் அந்தப் பெயர். எல்லோரும் தலையை ஆட்டி ரசித்தார்கள். ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அது பொய். வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு அதற்கு ஒரு நிமிடம் போதும், அதனால்தான் இத்தனை வருடமும் தமிழ் தெரிந்தவர்களிடம் அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை, ஒரு முறையைத் தவிர. அந்த ஒரு முறையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் வேலையை ராஜபாளையத்தில் 'ராக்கெட் விடுதா' என்று சொல்கிறார்கள். நான் எதையும் விடுவதில்லை. மேலே போன செயற்கைக்கோள் தன் இடத்தைவிட்டு நகராமல் இருக்கவும், வேண்டும்போது நகரவும் ஒரு சின்ன உந்தி வேண்டும். மின்சாரத்தில் ஓடுகிற உந்தி. வளையம் போல ஒரு பள்ளம், அதைச் சுற்றிக் காந்தம், உள்ளே செனான் என்கிற வாயு. எலக்ட்ரான்கள் காந்தத்தில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து வாயு அணுக்களை மோதி உடைக்கும். உடைந்த அயனிகள் வாசல் வழியாக அசுர வேகத்தில் பாயும். அந்தப் பாய்ச்சல்தான் செயற்கைக்கோளைத் தள்ளுகிறது. தள்ளுவிசை என்று பார்த்தால் உள்ளங்கையில் ஒரு தாளை வைத்த கனம்தான் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் தள்ளும்.

உள்ளே ஒளிர்கிற அந்த வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். அது எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. முக்கியமாக, பள்ளத்தின் பீங்கான் சுவர் எவ்வளவு நாளில் அரித்துப்போகும் என்று சொல்ல வேண்டும். சுவர் போனால் உந்தியும் போனது.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. காந்தத்தில் மாட்டிய எலக்ட்ரான்கள் மெதுவாகத்தான் கசிய வேண்டும் என்கிறது பாடப்புத்தகம். நிஜத்தில் அதைவிடப் பல மடங்கு கசிகின்றன. ஏன் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆகவே எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு குணகத்தைச் சேர்த்துக்கொள்வோம். சோதனைச்சாலையில் அளந்த மின்னோட்டமும் கம்ப்யூட்டர் சொல்கிற மின்னோட்டமும் ஒன்றாகும்வரை அந்த எண்ணை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படித்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும்.

சேர்ந்த புதிதில் நானும் போட்டேன். பள்ளத்தின் வாசலுக்குச் சற்று உள்ளே அந்தக் குணகம் ஒட்டகத் திமில் மாதிரி ஏறி இறங்கும்படி வைத்தால் எல்லாம் பொருந்தியது. ஏன் அந்த இடம், ஏன் அந்த உயரம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ப்ரோக்ராமில் அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. சும்மா 'குத்து' என்று வைத்தேன். குத்துமதிப்பு என்பதன் சுருக்கம். எனக்கு நானே வைத்துக்கொண்ட கேலி அது.

மூன்று மாதம் கழித்து ஹெல்கா அந்த வரியைப் பார்த்துவிட்டு அர்த்தம் கேட்டார். அப்போது எனக்கு ஜெர்மன் திக்கித் திணறித்தான் வரும். விசா நீட்டிக்கும் அலுவலகத்தில் ஒரு படிவத்தில் 'திருமணமானவர்' என்பதற்குப் பதிலாக 'கணவரை இழந்தவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, அதைச் சரிசெய்ய நாலு தடவை அலைந்துகொண்டிருந்த நாட்கள். என்னை ஏற்கெனவே விவரமில்லாதவள் என்று நினைத்திருப்பார்கள் என்ற பயம். குத்துமதிப்பாகப் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. துளைப்பது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அடுத்த கட்டுரையில் அந்தப் பெயரும் அந்த விளக்கமும் அச்சாகிவிட்டன. பிறகு எல்லோரும் அந்தத் திமில் ஏதோ இயற்பியலிலிருந்து வந்தது என்றே நம்பினார்கள். நானும் திருத்தவில்லை.

3

இந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். வாசலில் 'மண்ணின் மைந்தர் டாக்டர் தனலட்சுமி' என்று ஃப்ளெக்ஸ். மைந்தருக்குப் பெண்பால் தேட யாருக்கும் நேரம் இருந்திருக்காது. என் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. அதைப் படிக்கத் தெரியாமல் ஃபோட்டோ மட்டும் எடுத்தாள். வந்து இறங்கிய அன்று என் அண்ணனிடம் "மாமா, நீ சாப்பிட்டாச்சுங்களா" என்று நீயையும் நீங்களையும் ஒரே வாக்கியத்தில் கலந்து கட்டியவள் அவள்.

"பிள்ளைகளுக்குப் புரியட்டும் மேடம், தமிழிலேயே பேசுங்க" என்றார் முதல்வர். அரங்கில் நானூறு பேர் இருப்பார்கள். நன்றாகத்தான் பேசினேன். குணகம் வந்த இடத்தில் வழக்கம்போல 'குத்து' என்று சொல்லிவிட்டேன். குத்துப்பாட்டு நினைவில் பின்வரிசைகளில் ஒரு சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே துளைக்கிற கதையைச் சொன்னேன்.

கேள்வி நேரத்தில் நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இயற்பியல் கடைசி வருடம், தளவாய்புரம், பெயர் மாரீஸ்வரி என்றாள்.

"மேடம், அந்தக் குத்துங்கிறது குத்துமதிப்புன்னு சொல்லுதோமே, அந்தக் குத்தா?"

அரங்கம் அதிர்ந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, அடுத்ததையும் கேட்டாள்.

"இல்ல மேடம், அந்த நம்பரை ரிசல்ட்டைப் பாத்துட்டுப் போட்டீங்களா, பாக்காமப் போட்டீங்களா? பாத்துட்டுப் போட்டா, செனானை எடுத்துட்டு வேற கேஸ் மாத்துனா அது ஒத்து வருமா?"

பன்னிரண்டு வருடத்தில் எந்தக் கருத்தரங்கிலும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்ததாகப் பிறகு என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில் அப்படி நினைக்கவில்லை. பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறினேன். இது அறிவியல் விவாதம், கேள்வியை ஆங்கிலத்தில் கேளுங்கள் என்றேன். அவள் முயன்றாள். "மேடம், தி நம்பர்... பிஃபோர்..." என்று இரண்டு தடவை ஆரம்பித்து நின்றாள். இன்னும் ஒன்றிரண்டு வாக்கியம் சொன்னேன். அரங்கம் மறுபடி சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

நானும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள்தான். கல்லூரியில் முதல் வருடம் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள்தான். அது தெரிந்தேதான் அப்படிச் செய்தேன். எந்த இடத்தில் அடித்தால் விழுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

ராஜபாளையம் திரும்பும் காரில் யாழினி ஜெர்மனில் கேட்டாள்: "அந்த அக்கா கேட்டது தப்பா?"

"ஆமாம்" என்றேன்.

"அப்படியென்றால் அதைத் தமிழிலேயே சொல்லியிருக்கலாமே. அவளுக்குத் தமிழ்தானே தெரியும்?"

கார் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

4

மாசி மாதம் அந்தக் கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நடந்த அநாகரிகத்துக்கு வருந்துகிறோம், உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஒரு வரி. கூடவே ஒரு தாளின் படம்.

நம் ஊரில் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தத் தாள் தெரியும். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். பொருள்: மன்னிப்பு வேண்டுதல் சார்பாக. சிறப்பு விருந்தினரிடம் தகாத முறையில் கேள்வி கேட்டுவிட்டேன். இனிமேல் இதுபோன்ற கேள்விகளைக் கேட்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, ச. மாரீஸ்வரி. ஒரு ஃபோன் நம்பர். அதற்கும் கீழே பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் படத்தில் சரியாகத் தெரியாத ஒரு கையெழுத்து.

இனிமேல் கேட்க மாட்டேன் என்ற வரியில் நின்றேன். நின்றேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? அரை நிமிடம் இருக்கும். பிறகு 'பார்த்தேன், நன்றி' என்று ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பதில் போட்டுவிட்டு அடுத்த மின்னஞ்சலைத் திறந்தேன்.

5

கேக் வெட்டியதற்கு அடுத்த திங்கட்கிழமை சோதனைச்சாலையிலிருந்து முடிவுகள் வந்தன. செனானுக்குப் பதிலாக க்ரிப்டான் என்ற வாயுவை வைத்து ஓட்டிய நீண்ட சோதனை. சுவர் எங்கே அரிக்காது என்று என் கணக்கு சொன்னதோ அங்கேதான் அரித்திருந்தது. எங்கே அரிக்கும் என்று சொன்னேனோ அந்த இடம் புதுசு மாதிரி இருந்தது. கேஸ் மாத்தினால் ஒத்து வருமா என்று தளவாய்புரத்துப் பெண் ஜனவரியிலேயே கேட்டுவிட்டாள். பதிலுக்கு எங்கள் வெற்றிடத் தொட்டி இத்தனை மாதம் ஓட வேண்டியிருந்தது.

கூட்டத்தில் ஹெல்கா கேட்டார்: "அந்தத் திமில் எங்கிருந்து வந்தது?"

"எங்கிருந்தும் வரவில்லை. கையால் நகர்த்திப் பார்த்து, பொருந்திய இடத்தில் வைத்தேன். குத்து என்றால் துளைப்பது இல்லை. இங்கே இல்லை. குத்துமதிப்பு என்பதன் பாதி."

குத்துமதிப்புக்கு ஜெர்மனில் விளக்கம் சொல்லத் திணறினேன். கண்ணால் பார்த்து, மனதால் ஒரு அளவு சொல்வது என்று ஏதேதோ சொன்னேன். ஹெல்கா கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடிக்காட்டினார். இவர்களிடமும் அதற்கு ஒரு சொல் இருக்கிறதாம், கட்டைவிரலால் குறிபார்த்தது என்று. "அன்றைக்கே சொல்லியிருந்தால் கட்டைவிரல் என்றே பெயர் வைத்திருப்போம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பொருத்திப் போட்ட எண் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் இடத்தை இயற்பியலிலிருந்து எடுத்தாய் என்று நம்பினோம். அதை நீ திருத்தியிருக்க வேண்டும். கையேட்டில் ஒரு பத்தி எழுதிச் சேர்த்துவிடு, கட்டுரைக்கும் திருத்தம் அனுப்பு."

அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. வேலை போகும், முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்று பன்னிரண்டு வருடம் பயந்ததற்கு ஒரு பத்தியும் ஒரு திருத்தமும்தான் தண்டனை. அன்றைக்கு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, இன்னும் கேவலமாக இருந்தது. தப்பு செய்தது நான். எனக்கு ஒரு பத்தி. கண்டுபிடித்தது அவள். அவளுக்கு மன்னிப்புக் கடிதம்.

6

அந்தத் தாளில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது. அம்மா நைட்டி தைக்கிறார்கள் என்றாள். என் பெயரைச் சொன்னதும் குரலில் பயம் வந்துவிட்டது.

"மேடம், நான் அப்பவே லெட்டர் குடுத்துட்டனே மேடம்."

"அதுக்கில்லம்மா. நீ கேட்டதுதான் சரி. அது குத்துமதிப்புதான். கேஸ் மாத்துனோம், ஒத்து வரல."

அந்தப் பக்கம் மிஷின் நின்றது. அம்மாவிடம் நிறுத்தச் சொல்லிக் கை காட்டியிருப்பாள்.

"க்ரிப்டானா மேடம்?" என்றாள்.

ஆமாம் என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. மேலே என்ன படிக்கிறாய் என்று நான்தான் கேட்டேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் பில் போடுகிறாளாம். எம்.எஸ்ஸி. இந்த வருடம் கிடைக்கவில்லை. நன்னடத்தைச் சான்றிதழில் 'நன்று' என்று போடுகிற இடத்தில் 'திருப்தி' என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இன்டர்வியூவில் என்ன தப்பு பண்ணினாய் என்று கேட்டார்களாம்.

"கேள்வி கேட்டேன்னு சொன்னேன் மேடம். சிரிச்சாங்க. அடுத்த வருசம் பாப்போம். எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், எங்கப்பாக்குத்தான்... நீங்க சொன்னதயும் அவியகிட்டச் சொல்லிட்டேன். கையெழுத்துப் போட வரச் சொல்லி, அவிய வேலைய விட்டுட்டு வந்து மதியம்வரைக்கும் ஆபீஸ் வாசல்லயே நின்னாவ. விடுங்க மேடம்."

அப்பாவுக்குத்தான் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

துறைத் தலைவரைக் கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க அந்தப் பொண்ணை மன்னிச்சிட்டதா ஒரு லெட்டர் குடுங்க மேடம். ஃபைல்ல வச்சு க்ளோஸ் பண்ணிட்டுப் புது கான்டக்ட் சர்டிஃபிகேட் போட்டுடலாம். ப்ரொசீஜர் அதுதான்" என்றார்.

மன்னிக்க நான் யார்? தப்பு என்னுடையது, மன்னிப்புக் கடிதம் நான்தான் தருவேன் என்றேன். விருந்தினர் மன்னிப்புக் கேட்டதற்கு முன்னுதாரணம் இல்லை என்றார். இல்லாவிட்டால் என்ன, ஃபைலில் இடம் இருக்கும் அல்லவா என்றேன். அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றார்.

7

எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். எத்தனை வருடமானாலும் அந்த அமைப்பு கைக்கு மறப்பதில்லை. மாணவி மாரீஸ்வரியின் கேள்வி முற்றிலும் சரியானது. என் பிழையை மறைக்க அவரிடம் தகாத முறையில் பேசினேன். அவர் மீதான குறிப்பை நீக்கி, நன்று எனச் சான்றளிக்க வேண்டுகிறேன். கீழே பெற்றோர் கையொப்பத்துக்கும் கோடு போட்டேன். அவளுக்கு வேண்டியிருந்தது என்றால் எனக்கும் வேண்டும். அப்பா இப்போது இல்லை. அண்ணன் இருக்கிறான்.

அண்ணன் முத்துராஜ் போலீஸில் இருக்கிறான். ஸ்டேஷன் ரைட்டர். வருகிற புகாரையெல்லாம் எழுதி எடுப்பது அவன் வேலை. புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் பந்தோபஸ்து முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். கடிதத்தையும், கூடவே மாரீஸ்வரியின் அப்பா கையெழுத்திட்ட அந்தத் தாளின் படத்தையும் அனுப்பி, கடிதத்தைப் பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கல்லூரியில் கொடுத்துவிடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வீடியோவில் வந்தான். சட்டையைக்கூட மாற்றவில்லை.

"ஏட்டி, என்ன இது, தகாத முறையில் பேசினேன்னு போட்டிருக்க? என்ன பேசுன?"

"அதான் அண்ணே, ஏதோ கோவத்துல..."

"இப்படி எழுதுனா கோர்ட்டுல நிக்காது. அசிங்கமாத் திட்டுனான்னு ஒருத்தி வந்து நின்னா, என்ன வார்த்தை சொன்னான்னு கேட்டு, அந்த வார்த்தையத்தான் எழுதுவோம். வாய் கூசும், இருந்தாலும் எழுதணும். சொல்லு, என்ன சொன்ன?"

மேலே மூன்றாவது பகுதியில், இன்னும் ஒன்றிரண்டு வாக்கியம் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். உங்களிடமும் அப்படி மழுப்பித்தான் தாண்டினேன். அண்ணனிடம் தாண்ட முடியவில்லை. அன்றைக்கு ஆங்கிலத்தில் சொன்னதை முதல்தடவையாகத் தமிழில் சொன்னேன்.

அவள் திணறி நின்றபோது, உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன். அதை மட்டும் தமிழில், பிரியமாகக் கேட்பது போலக் கேட்டேன். "கொத்தனார் மேடம்" என்றாள். உடனே முன்வரிசைப் பேராசிரியர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: "இப்போதுதான் புரிகிறது. குத்துமதிப்பை வைத்துக் காம்பவுண்டு சுவர் கட்டலாம். விண்கலம் கட்ட முடியாது."

அண்ணன் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தான். எங்கள் வீட்டு மாடியைக் கட்டியபோது கொத்தனார் கூடவே நின்றவன் அவன். ஒவ்வொரு வரிசைக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த கல் வைப்பார்கள். என் திமிலுக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரு குண்டும் தொங்கவில்லை.

"அந்தாளு அதுக்கா வந்து கையெழுத்துப் போட்டாரு?" என்றான்.

"ஆமாண்ணே."

"அவருக்கு அது தெரியுமா?"

"தெரியும். அவ சொல்லியிருக்கா."

"அப்படியே எழுது" என்றான். "பொறவு போடுதேன்."

எழுதினேன். கேட்ட கேள்வி, அவள் சொன்ன பதில், நான் சொன்ன வாக்கியம், யாரெல்லாம் சிரித்தார்கள் என்பது வரை எழுதி மறுபடி அனுப்பினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, புகார் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தான்.

"எல்லாம் சரி. பெறுநர்தான் தப்பு. காலேஜுக்கு ஒரு நகல் போகட்டும். பேச்சு வாங்குனது அந்தாளுல்லா? அவருக்குத்தான் எழுதணும்." பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். "சொல்லு, அவரு பேரு என்ன?"

அவள் பெயருக்கு முன்னால் ஒரு 'ச' இருக்கிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று நானூறு பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். பெயரைக் கேட்கவில்லை.